சாட்சி சொன்ன பிறகு

முதலில் வலித்தது பல்தான்.

ஸ்கூட்டரைக் கீழே விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏறிப்போகும் மேட்டில் பாதி தூரம் போனதும் கீழ்த்தாடையின் இடப்பக்கம் கடுக்க ஆரம்பிக்கும். கொஞ்சம் நின்றால் போய்விடும். நடந்தால் வந்து, நின்றால் போகிற பல்வலி உலகத்தில் உண்டா என்று நான் யோசித்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். எனக்கே கூட்டத் தெரியாமல் போய்விட்டது. குலசேகரத்தில் ஒரு பல் மருத்துவர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி, பஞ்சைக் கடிக்கச் சொல்லி அனுப்பிவைத்தார். நல்ல பல். இன்றும் நாக்கு அந்த இடத்துக்குப் போகும்போது அதை நினைத்துப் பாவமாக இருக்கும்.

பல் போன பிறகும் மேட்டில் தாடை வலித்தது. மறுபடியும் போனபோது அந்த மருத்துவருக்கே சந்தேகம் வந்து, "டீச்சர், ஒரு ஈசிஜி எடுத்துப் பாருங்க" என்றார். நாகர்கோவிலில் எடுத்தோம். ஆஞ்சியோகிராமும் (இதயத்தின் இரத்தக் குழாய்களில் மருந்து செலுத்தி எடுக்கும் படம்) எடுத்தார்கள். மூன்று குழாய்களில் அடைப்பு. எனக்குச் சர்க்கரை பல வருடமாக உண்டு. பெண்களுக்கு, அதுவும் சர்க்கரை உள்ளவர்களுக்கு, இதயவலி நெஞ்சில் வராமல் தாடையிலும் முதுகிலும் வரலாம் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். இதைப் படிக்கிற பெண்கள் பல்லைப் பிடுங்கும் முன் இதை ஒரு தடவை நினைத்துக்கொள்ளட்டும்.

எங்கள் பக்கத்தில் தீனம், அதாவது நோய், பெரிதென்றால் திருவனந்தபுரத்துக்குத்தான் கொண்டுபோவார்கள். என்னையும் கொண்டுபோனார்கள். பைபாஸ் (காலிலிருந்தும் நெஞ்சின் உட்சுவரிலிருந்தும் குழாயை எடுத்து, அடைப்பைத் தாண்டி ஒட்டுப்போடும் அறுவை) செய்ய வேண்டும் என்றார்கள். நெஞ்செலும்பை நடுவே அறுத்துத் திறந்து, வேலை முடிந்ததும் கம்பியால் கட்டி மூடுவார்கள். அந்த எலும்பு தானாகக் கூடிக்கொள்ளும். கூடிக்கொள்ளும் என்று எல்லோரும் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்கள். நானும் சாதாரணமாகவே கேட்டுக்கொண்டேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு அது கூடத்தான் செய்கிறது. எங்கள் சபையில் பால்வெட்டுக்குப் போகிற ஒருவர் எனக்கு முந்தி பைபாஸ் செய்துகொண்டவர். இன்று விடியற்காலையில் ரப்பர் மரம் மரமாக நடந்து கத்தி போடுகிறார். அவரைப் பார்க்கும்போது எனக்குச் சந்தோஷம் வருவதில்லை, பொறாமைதான் வருகிறது. இந்தக் கட்டுரையைப் படித்து யாரும் பயந்து ஆஸ்பத்திரியிலிருந்து ஓட வேண்டாம். இது கூடாமல் போன ஒருத்தியின் கதை, அவ்வளவுதான்.

என் கணவர் ஞானதாஸ் ரப்பர் ஷீட் வாங்கி விற்கிற சின்னக் கடை வைத்திருக்கிறார். கடையைத் திறக்கும்போது ஒரு ஜெபம், அடைக்கும்போது ஒரு ஜெபம். எடை போடும்போது மட்டும்தான் கண்ணைத் திறந்திருப்பார் என்று நான் கேலி செய்வேன். எங்களுக்கு ஒரே மகள், ஷைனி. மஸ்கட்டில் நர்ஸாக இருக்கிறாள். அறுவை நடந்த அன்று, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே என் கணவர் ஒரு பொருத்தனை செய்தார். நான் உயிரோடு வந்தால், அறுப்பின் பண்டிகையில் என்னைச் சபைக்கு முன் நிறுத்திச் சாட்சி சொல்லவைப்பதாக ஆண்டவரிடம் நேர்ந்துகொண்டார்.

எங்கள் சபைகளைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அறுப்பின் பண்டிகையன்று அவரவர் விளையிலும் தோட்டத்திலும் விளைந்ததைச் சர்ச்சுக்குக் கொண்டுவருவார்கள். வாழைக்குலை, தேங்காய், மரச்சீனிக் கிழங்கு, சேவல் என்று பலிபீடத்துக்கு முன் குவியும். ஆராதனை முடிந்ததும் வெளியே வைத்து ஏலம் விடுவார்கள். ஏலத்துக்கு முன்னால், அந்த வருடத்தில் ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையைச் சொல்ல விரும்புகிறவர்கள் எழுந்து நின்று சொல்லலாம். அதுதான் சாட்சி. தீனத்திலிருந்து எழுந்தவர்களின் சாட்சிக்குத்தான் அதிக மதிப்பு. "மருத்துவர்கள் கைவிட்டார்கள், கர்த்தர் கைவிடவில்லை" என்று முடிய வேண்டும். சபையே ஆமென் சொல்லும்.

வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்கள் நன்றாகத்தான் இருந்தேன். இருமும்போது நெஞ்சோடு தலையணையை அணைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். பெண்களுக்கு மார்பின் பாரம் தையலை இரண்டு பக்கமும் இழுக்கும், அதனால் தாங்கிப்பிடிக்கிற உள்ளாடையை இரவும் பகலும் போட வேண்டும் என்று நர்ஸ் சொன்னபோது என் கணவர் ஜன்னலுக்கு வெளியே எதையோ கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் பிறகு அதை எனக்கு ஞாபகப்படுத்த அவரால் முடியவில்லை. எனக்கோ புழுக்கம். பாதி நாள் போட்டேன், பாதி நாள் போடவில்லை.

பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்தார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றார்கள். ஒவ்வொருவரும் கண்மூடி ஜெபித்துவிட்டுப் போனார்கள். ஜெபத்தின் நீளத்துக்கு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதே அப்போது எனக்குப் பெரிய வேலை.

பண்டிகைக்கு முந்திய வியாழக்கிழமை, ஜாக்கெட்டின் உட்பக்கத்தில் ஒரு கறை பார்த்தேன். காய்ந்த கஞ்சிபோல, லேசாக இளஞ்சிவப்பு. தையலின் கீழ்முனையில் ஊசிமுனை அளவு ஒரு துளை. அதோடு, திரும்பிப் படுக்கும்போது நெஞ்சுக்குள் சொடக்குப் போடுவதுபோல ஒரு சத்தம் சில நாட்களாகவே இருந்தது. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இஞ்சேருங்க, இதைப் பாருங்க. நீர் வடியுது. ஆஸ்பத்திரிக்குப் போவோமா?"

அவர் குனிந்து பார்த்தார். முகம் மாறியது. பிறகு சரியாயிற்று.

"தையல் ஆறும்போ கொஞ்சம் நீர் வரும் லில்லி. உனக்குக் காய்ச்சல் உண்டா?"

"இல்ல. உடம்பு கடுக்குது."

"நாளைக்குத் திருவனந்தபுரம் போனா, அவங்க பிடிச்சுக் கிடத்திப் போடுவாங்க. ஞாயிறு கழியட்டு. திங்கள் விடியும்போ நான் கார் சொல்லுதேன். கர்த்தருக்குச் சொன்ன வாக்கில்லியா."

நான் சம்மதித்தேன். அவர் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. பச்சைப் பட்டுப்புடவை எடுத்துவைத்திருந்தேன், சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தும் வைத்திருந்தேன். எனக்கும் ஆசையாக இருந்தது. குணமானவளாக ஒரு நாள் எழுந்து நிற்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

ஞாயிற்றுக்கிழமை நெஞ்சில் மடித்த கைக்குட்டையை வைத்து, மேலே ஜாக்கெட் போட்டுக்கொண்டு, எழுந்து நின்று சாட்சி சொன்னேன். நன்றாகச் சொன்னேன். வாத்தியார் வேலை பார்த்தவளுக்குப் பேசச் சொல்லியா தர வேண்டும். ஆமென் சத்தம் கூரையில் போய் முட்டியது. கைக்குட்டை நனைந்திருந்தது. ஏலத்தில் என் கணவர் கொண்டுவந்த நேந்திரன் குலை நல்ல விலைக்குப் போயிற்று.

திங்கள்கிழமை போக முடியவில்லை. சாட்சி கேட்டவர்கள் வீட்டுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். செவ்வாய்க்கிழமை குளிர்காய்ச்சலோடுதான் என்னைக் காரில் ஏற்றினார்கள்.

மீடியாஸ்டினைட்டிஸ் (நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்தைச் சுற்றியுள்ள இடத்தில் சீழ் பிடிப்பது) என்றார்கள். மறுபடியும் திறந்தார்கள். கட்டியிருந்த கம்பிகளை எடுத்தார்கள். எலும்பு அழுகியிருந்ததால் அதையும் எடுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக, மூன்று தடவையாக. நடுவில் பல வாரங்கள் திறந்த நெஞ்சில் நுரைப்பஞ்சை வைத்து ஒட்டி, ஒரு இயந்திரத்தால் நீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மார்பின் தசையைத் திருப்பிப் போட்டுப் பள்ளத்தை மூடினார்கள். அந்தக் களேபரத்தில், ஒட்டுப்போட்ட குழாய்களில் ஒன்று அடைந்துபோனது. இதயத்தின் ஒரு பக்கம் இப்போது சரியாக அசைவதில்லை.

அறுவை செய்த டாக்டர் மலையாளி. நல்ல மனிதர், நம்மிடம் தமிழ் பேச முயற்சி செய்வார். ஒருநாள் கணவர் சாயா வாங்கப் போயிருந்த நேரத்தில் அவரிடம் கேட்டேன்.

"டாக்டர், வியாழக்கிழமையே வந்திருந்தா எலும்பு தப்பியிருக்குமா?"

அவர் என் கேஸ் ஷீட்டைப் புரட்டினார். "அது பறயான் பற்றில்ல, டீச்சரே" என்றார். சொல்ல முடியாது என்று அர்த்தம். சொல்ல முடியாது என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. எனக்கு அது புரிந்தது. கணவரிடம் நான் சொல்லவில்லை. அவரும் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கவில்லை. ஷைனி மட்டும் போனில், "அம்மா, அப்பாட்ட அந்த வியாழக்கிழமையைப் பத்தி ஒண்ணும் பேசாத, கேட்டியா?" என்றாள். நர்ஸ் அல்லவா, அவளாகவே கூட்டிப் பார்த்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து இரண்டாம் வருடம் ஓடுகிறது. எலும்பில்லாத நெஞ்சு எப்படி இருக்கும் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன், வேறு யாரும் சொல்லித் தர மாட்டார்கள். மூச்சை இழுக்கும்போது எல்லோருக்கும் நெஞ்சு எழும்பும். எனக்கு நடுவில் உள்ளே அமிழும். தோலுக்குக் கீழே இதயம் துடிப்பதைக் கண்ணால் பார்க்கலாம். புடவைத் தலைப்பே அசையும். குளிக்கும்போது சோப்பைக் கொண்டுபோனால் கையில் தட்டும், துணிப்பையில் போட்ட கோழிக்குஞ்சு மாதிரி. முதலில் பயந்தேன். பிறகு அருவருத்தேன். இப்போது அந்த இடத்தைத் தொடாமல் குளிக்கப் பழகிவிட்டேன்.

மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். ஒருக்களித்துப் படுத்தால் நெஞ்சு ஒரு பக்கமாகச் சரிவதுபோல இருக்கும். அதனால் கட்டிலில் தலையணைகளை அடுக்கி, சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறேன். கணவர் பக்கத்து அறையில் படுக்கிறார். ஜலதோஷம் என்றால் எனக்கு மரண பயம். ஒரு தும்மலுக்குத் தலையணையைத் தேடி ஓட வேண்டும், ஓடவும் முடியாது. கதவு, தண்ணீர்க்குடம், குக்கர் மூடி, எதையும் இழுக்கவோ தூக்கவோ கூடாது. தேங்காய் திருவக்கூட பக்கத்து வீட்டு எஸ்தர்தான் வருகிறாள். தேங்காய் இல்லாமல் எங்கள் ஊரில் எந்தக் கறியும் இறங்காது என்பதால் அவள் தினமும் வந்தாக வேண்டும். கால் வீங்குவதால் உப்பைக் குறைத்தார்கள், தண்ணீரைக் குறைத்தார்கள். பக்கத்து வீட்டில் நெத்திலிக் கருவாடு வறுக்கிற மணம் வந்தால் வாயில் ஊறுகிற எச்சிலையே விழுங்கிக்கொள்கிறேன்.

இவற்றையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். சகிக்க முடியாதது கணக்கு. இதய-நுரையீரல் இயந்திரத்தில் நெடுநேரம் கிடந்தவர்களில் சிலருக்கு மூளை மந்தமாகும் என்கிறார்கள். எனக்கு ஒரு எண்ணை மனதில் நிறுத்தி அடுத்ததோடு கூட்ட வரவில்லை. மீதியை மனதில் வைத்துக்கொள் என்று பிள்ளைகளுக்கு எத்தனை வருடம் சொல்லியிருப்பேன். அந்த மீதி என் மனதில் நிற்பதில்லை. பள்ளிக்கூடத்துக்கு விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஊர் மட்டும் மாறவில்லை. அவர்களுக்கு நான் சாட்சி சொன்னவள். வழியில் பார்க்கிறவர்கள், "டீச்சருக்கு இப்ப சொகம்தானே? சாட்சியெல்லாம் சொன்னீங்கல்லா" என்பார்கள். குணமாகிவிட்டேன் என்று ஆண்டவர் முன்னால் சொன்னவள் மறுபடியும் நோயாளியாக எப்படி இருக்க முடியும்? சாட்சியைத் திருப்பி வாங்க எங்கள் சபையில் வழி கிடையாது. நானும் சிரித்து, "கொள்ளாம், பரவாயில்ல" என்று தலையாட்டிவிட்டு நகர்வேன். மூச்சு வாங்குவது தெரியாமலிருக்கச் சுவரில் போட்டிருக்கும் சினிமா போஸ்டரைப் படிப்பதுபோல நிற்பேன்.

ஊரைக்கூட விட்டுவிடலாம். என் கணவர்தான்.

அவர் என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார். மாத்திரை எடுத்துத் தருகிறார். கஞ்சி வைக்கிறார். பயறுக்கு உப்புப் போடாமல் வேகவைக்கக் கற்றுக்கொண்டார். ஆனால் நான் பழையபடி ஆவேன் என்பதில் அவருக்கு ஒரு துளி சந்தேகமும் கிடையாது. "அடுத்த பண்டிகைக்கு நீ ஓடி நடப்ப" என்பார். பள்ளிக்கூடம் போக நான் வைத்திருந்த ஸ்கூட்டர் ஒன்று உண்டு. ஒவ்வொரு சனிக்கிழமை காலையிலும் கடைக்குப் போகும் முன் அதைத் தார்ப்பாய்க்கு அடியிலிருந்து எடுத்து, துடைத்து, ஸ்டார்ட் செய்து, முற்றத்தில் கொஞ்ச நேரம் உறும விடுவார். பேட்டரி செத்துப்போகாமலிருக்க. நான் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எரிச்சலாக வரும்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. இது இனி சரியாகாது என்று அவர் வாயால் ஒரு தடவை சொல்ல வேண்டும். அவர் சொல்லிவிட்டால் எனக்கு நடிப்பு மிச்சம். வீட்டுக்குள்ளாவது நோயாளியாக இருந்துகொள்ளலாம். தேறிக்கொண்டிருப்பவளாக இருப்பது நோயாளியாக இருப்பதைவிடக் கடினமான வேலை. தினமும் கொஞ்சம் முன்னேறிக் காட்ட வேண்டும்.

ஒரு சனிக்கிழமை ஸ்கூட்டரை அணைத்துவிட்டு உள்ளே வந்தவரிடம் ஆரம்பித்தேன்.

"அந்த வண்டியை வித்திருங்க."

"விக்கதுக்கா? நீ எந்திரிச்சு வரும்போ ஆட்டோக்காரன் வீட்டு வாசல்ல போய் நிக்கணுமா?"

"நெஞ்சில எலும்பில்லாதவ ஹேண்டிலை எப்பிடிப் பிடிக்கது?"

"கர்த்தருக்கு ஒரு எலும்பு பெரிய காரியமாட்டி? மண்ணுல இருந்து மனுஷனை உண்டாக்கினவருக்கு?"

"மண்ணுல இருந்து உண்டாக்குவாரு. ஆப்ரேஷன் தியேட்டர்ல வாளியில போட்டதைத் திருப்பி எடுத்து வைக்கமாட்டாரு."

அவர் கையிலிருந்த துணியை மடித்தார், விரித்தார், மறுபடியும் மடித்தார். பிறகு கடைக்குப் போய்விட்டார். அன்று முழுவதும் எனக்கு மூச்சு சரியாக இல்லை. என் நாக்குக்கு ஒரு பூட்டுப் போட்டால் தேவலை என்று தோன்றியது.

இந்த வருடப் பரிசோதனைக்குப் போனபோது அதே டாக்டரிடம், கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கேட்டேன். நெஞ்சில் தகடு ஏதாவது வைக்க முடியுமா, இதயத்தின் பலம் கூடுமா, நான் இனி எப்படி இருப்பேன். எனக்குப் பதில் தெரியும். அவருக்காகத்தான் கேட்டேன். டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, என்னை விட்டுவிட்டு அவரிடம் பேசினார்.

"சாரே, தகடு வச்சா பின்னையும் சீழ் வரும். ஷுகர் உண்டல்லோ. ஹார்ட்டோட பம்பிங்கும் குறைஞ்சு. டீச்சர் பழைய போல ஆவாது. இனி உள்ளது போகாம நோக்கணும். அவ்வளவுதான்."

திரும்பி வரும்போது காரில் அவர் முன்சீட்டில் இருந்தார். கேரள எல்லையில் களியக்காவிளை தாண்டினோம். பிறகு, "டாக்டரும் மனுஷன்தானே" என்றார். கண்ணாடியில் முகம் தெரிந்தது. ஆனால் அவர் வழக்கமாகச் சொல்கிற வேகத்தில் அதைச் சொல்லவில்லை.

அடுத்த மாதம் அறுப்பின் பண்டிகை வந்தது. போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். "போயிட்டு வருவோம்" என்று ஆட்டோவைக் கூப்பிட்டார். குழியில் விழுந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளத் தலையணையையும் எடுத்துக்கொண்டேன். சர்ச்சில் பெண்கள் பக்கம் சுவரோரத்தில் எனக்கு இடம் விட்டிருந்தார்கள். அவர் ஆண்கள் பக்கம் போய் உட்கார்ந்தார். முன்னால் வாழைக்குலைகளும் பலாப்பழமும் குவிந்து, சர்ச் முழுக்கப் பழ வாசனை.

சாட்சி நேரம் வந்தது. வெளிநாட்டில் வேலை கிடைத்த ஒரு பையனின் அப்பா எழுந்தார். விபத்திலிருந்து தப்பிய ஒருவர் எழுந்தார். போதகர், "இன்னும் யாராவது உண்டா?" என்று கேட்டுவிட்டுப் பெண்கள் பக்கம், என் பக்கம், பார்த்தார். நான் மடியில் இருந்த தலையணையைப் பார்த்தேன். அப்போது ஆண்கள் பக்கத்தில் பெஞ்சு கிரீச்சிட்டது. என் கணவர் எழுந்து நின்றார்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்தார். எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள். "முன்னே ஒரு பண்டிகையில என் வீட்டுக்காரி இந்த இடத்தில நின்னு சொகமாயிட்டுன்னு சாட்சி சொன்னா. எல்லாருக்கும் ஓர்மை இருக்கும். அன்னைக்கே அவளுக்கு நெஞ்சில நீர் வடிஞ்சிட்டு இருந்து. ஆஸ்பத்திரிக்குப் போணும்னு சொன்னா. நான்தான் ஞாயிறு கழியட்டுன்னு சொன்னது. அவளுக்குச் சொகமாகல்ல. இனி ஆகவும் செய்யாது. டாக்டர் சொல்லியாச்சு." இன்னும் ஏதோ சொல்ல வேண்டியிருப்பதுபோல வாயைத் திறந்தார். "சாட்சின்னா உள்ளதைத்தானே சொல்லணும். அதான்."

உட்கார்ந்துவிட்டார்.

சபைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆமென் சொல்வதா கூடாதா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பின் பெஞ்சிலிருந்து காது மந்தமான ஒரு பெரியவர், பழக்கதோஷத்தில், "ஸ்தோத்திரம்!" என்று உரக்கச் சொன்னார். அவரை யாரோ தொடையில் தட்டியிருக்க வேண்டும், அடுத்து சத்தம் வரவில்லை. போதகர் பாட்டு எண்ணைச் சொன்னார். எனக்கு முன் பெஞ்சில் அம்மாவின் தோளில் கிடந்த ஒரு சின்னக் குழந்தை என் புடவைத் தலைப்பையே பார்த்துக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். தலைப்பு துள்ளிக்கொண்டிருந்தது.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. வீட்டுக்குள் ஒரு தடவை சொன்னால் போதும் என்று நினைத்திருந்தேன், அவர் சபை முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டார். இனி சினிமா போஸ்டர் படிக்க வேண்டியதில்லை. தேறிக்காட்ட வேண்டியதில்லை. நிம்மதி வரும் என்று காத்திருந்தேன். பாட்டு முடிந்தது, காணிக்கைப் பை வந்து போனது, வெளியே ஏலம் தொடங்கி யாரோ சேவலுக்கு விலை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நிம்மதி வரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் நம்பிக்கையை விட்டு எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. டாக்டர் விட்டுவிட்டார். ஷைனி முதல் நாளே விட்டுவிட்டாள். நான் எழுந்து நடப்பேன் என்று நம்பிக்கொண்டிருந்தது உலகத்திலேயே ஒரே ஒரு ஆள்தான். அந்த ஆளைத்தான் நான் இத்தனை நாளும் பிடித்துப் பிடித்து இழுத்தேன். அவர் இப்போது உட்கார்ந்துவிட்டார்.

ஆட்டோவில் திரும்பும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "செரிதானா?" என்று கேட்டார். "செரி" என்றேன்.

இப்போது வீட்டில் சண்டை இல்லை. அவர் குழாயடியில் எனக்காக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறார். குளியலறையில் கைப்பிடி வைத்திருக்கிறார். முன்பு இவற்றை வைக்கச் சொன்னால், "கொஞ்ச நாளைக்கு என்னத்துக்கு?" என்பார். எல்லாம் வசதியாக இருக்கிறது. வெள்ளம் தலைக்கு மேல் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். உண்மைதான், ஆனால் வெறும் சாண்தான், வடிந்துவிடும் என்று சொல்வதற்கு முன்பு பக்கத்தில் ஒரு ஆள் இருந்தது.

இதைப் படிக்கிற நோயாளிக்கும், அவரோடு இருக்கிறவருக்கும் நான் சொல்லக்கூடியது குறைவு. தையலிலிருந்து நீர் வந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்காதீர்கள். பண்டிகை, கல்யாணம், ஊர்த்திருவிழா எதற்கும் காத்திருக்காதீர்கள். உங்கள் பக்கத்தில் ஒரு ஆள் முட்டாள்தனமாக நம்பிக்கொண்டிருந்தால், அவரைத் திருத்த அவசரப்படாதீர்கள்.

பள்ளிக்கூடம் போன காலத்தில் என் நாள் மணியடித்து நடந்தது. முதல் பாடவேளை, இரண்டாம் பாடவேளை, சாப்பாட்டு மணி. இப்போது குளிப்பது ஒரு வேலை, அதற்குப் பிறகு சாய்ந்து கிடப்பது ஒரு வேலை. சாப்பிடுவது ஒன்று, சாப்பிட்ட மூச்சு அடங்குவது ஒன்று. நடுவில் வெயில் ஜன்னலிலிருந்து கட்டில் காலுக்கு வந்து போகிறது. எது செவ்வாய், எது வியாழன் என்று நான் கேட்பதில்லை, யாரும் சொல்வதும் இல்லை.

பண்டிகைக்குப் பிந்திய வாரத்தில் ஒருநாள் எஸ்தர் தேங்காய் திருவி முடித்து, கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"டீச்சர், நாளைக்கு சர்ச்சுக்கு வருவீங்களா?"

"நாளைக்கு சர்ச்சுல என்ன?"

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைல்லா."

அப்படியானால் அன்று சனிக்கிழமை. காலையிலிருந்து முற்றத்தில் ஸ்கூட்டர் சத்தம் கேட்கவே இல்லை.